காந்தம் எந்த நாட்டுக்காரன்?

*வெளிநாட்டுத் தொடர்பு இருந்தால் ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்து என்கிற விதிகள் உலகமெங்கும் பெருகிவருகின்றன. அமெரிக்கா அதைச் சட்டமாக எழுதுகிறது. நாம் சுற்றறிக்கையில் எழுதுகிறோம். அதன் விலை என்ன என்று ஓசூரில் தெரிகிறது.*

மின் ஸ்கூட்டர் மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு ரோட்டர் என்று பெயர். அதன் விளிம்பில் விரல் அகலத்துக்குக் காந்தத் துண்டுகளை வரிசையாகப் பொருத்த வேண்டும். நியோடிமியம் காந்தம் முரட்டுச் சாமான். இரண்டு துண்டுகளை அசட்டையாக அருகில் கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் நசுங்கும், காந்தமும் சில்லு பெயரும். அதனால் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பிடிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிதானமாக உட்கார வைப்பார்கள்.

2025 கோடையில் இந்தத் துண்டுகளுக்குத்தான் பஞ்சம் வந்தது. ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. ஓசூரில் டி.வி.எஸ். இருக்கிறது, ஏத்தர் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா இருக்கிறது. நாட்டின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு கிருஷ்ணகிரி என்ற இந்த ஒரு மாவட்டத்திலிருந்துதான் லாரி ஏறுகிறது.

அந்தக் கோடையில் காந்தத்தை விடக் கிராக்கியாக இருந்தது ஒரு காகிதம். 'இறுதிப் பயனர் சான்று' என்று பெயர். 'இந்தக் காந்தத்தை ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்' என்று வாங்குபவர் எழுதித் தர வேண்டும். அதற்கு நம் அதிகாரிகள் சான்று சொல்ல வேண்டும், டெல்லியில் உள்ள சீனத் தூதரகம் முத்திரை போட வேண்டும், பிறகு அது பெய்ஜிங்கில் வணிக அமைச்சகத்தின் மேசைக்குப் போக வேண்டும். ஜூன், ஜூலையிலேயே உற்பத்தி அடிவாங்கலாம் என்றார் டி.வி.எஸ். நிர்வாக இயக்குநர் சுதர்சன் வேணு. ஆகஸ்ட் மாதம் உற்பத்தி பூஜ்யமாகலாம் என்றே சொல்லிவிட்டார் பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ்.

வேடிக்கை இனிமேல்தான். தனிக் காந்தத்துக்குத்தான் சீனா பூட்டுப் போட்டது. காந்தம் உள்ளே பொருத்திய முழு மோட்டாரை வாங்கத் தடை இருக்கவில்லை. ஆனால் நம் பி.எம். இ-டிரைவ் மானிய விதி மோட்டாரை இந்தியாவில்தான் கோக்க வேண்டும் என்றது. காந்தம் மட்டும் வெளியிலிருந்து வரலாம். அதாவது, 'காந்தம் தர மாட்டேன், மோட்டாராக வாங்கிக்கொள்' என்றது பெய்ஜிங். 'மோட்டாராக வாங்கினால் மானியம் கிடையாது, காந்தம் வாங்கி இங்கேயே கோத்துக்கொள்' என்றது டெல்லி. இரண்டு தலைநகரங்களின் தேசப் பாதுகாப்புக்கும் நடுவே ஓசூரின் ஷிஃப்ட் மாட்டிக்கொண்டது.

இதற்கு நிரந்தரத் தீர்வு, காந்தத்தையோ காந்தம் இல்லாத மோட்டாரையோ நாமே செய்துகொள்வது. அதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்கப் போகும்போது, காந்தத்திடம் கேட்ட அதே கேள்வியை ஆய்வாளரிடமும் கேட்கிறார்கள்: உனக்கு எந்த நாட்டோடு உறவு?

ஆய்வு அந்தப் பக்கம், ஆலை இந்தப் பக்கம்

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. மாநில எல்லை என்பது அங்கே ஒரு பெயர்ப் பலகைதான். ஏத்தருக்கும் ஓலாவுக்கும் வடிவமைப்பும் ஆய்வும் பெங்களூருவில், உற்பத்தி தமிழ்நாட்டில். இந்திய அறிவியல் கழகம் அங்கே. தும்கூர் சாலையில், 1962-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே. டி.வி.எஸ். மட்டும் தன் ஆய்வுக்கூடத்தையும் ஓசூரிலேயே வைத்திருக்கிறது. ஆகவே பெங்களூருவில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் நின்றால், அதன் பாதிப்பு சில ஆண்டு கழித்து சிப்காட்டில் தெரியும். அப்போது யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் ஓசூருக்கு 'அறிவுசார் பெருவழித்தடம்' அறிவித்தது. 400 கோடி ரூபாயில் டைடல் பூங்கா அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் சொன்னது. எல்லாம் சரி. அறிவு கட்டடத்தில் வராது. அது ஆளோடு வரும், இயந்திரத்தோடு வரும், கூட்டு ஆய்வோடு வரும். அவை மூன்றும்தான் இப்போது கேள்விக்குள்ளாகின்றன.

சட்டம் இல்லை, சுற்றறிக்கை உண்டு

வெளிநாட்டுத் தொடர்பைக் காரணம் காட்டி ஆய்வு நிதியை மறுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப்., பணத்தைத் திரட்டிப் பகிர்ந்தளிப்பதற்காக வந்தது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி தனியார் தொழில்துறை, நன்கொடை போன்ற வழிகளில் வர வேண்டும் என்பது கணக்கு. 2025-ல் 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி வந்தது. அதுவும் இந்த அறக்கட்டளை வழியாகவே கீழே இறங்குகிறது.

கட்டுப்பாடுகள் வேறு வாசல்களில் இருக்கின்றன. கொள்முதல் விதியில் கொஞ்சம், பல்கலைக்கழக மானியக் குழுவின் கடிதத்தில் கொஞ்சம், விசா மேசையில் கொஞ்சம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் கொஞ்சம்.

> பெட்டிச் செய்தி: எது எப்போது வந்தது?
>
> 2019 அக்டோபர்: சீனக் கல்வி நிறுவனங்களோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும் உள்துறை, வெளியுறவுத் துறை இரண்டின் முன் அனுமதி வேண்டும் என்றது யு.ஜி.சி.
>
> 2020 ஏப்ரல் 17: பிரஸ் நோட் 3. நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீடு அரசு அனுமதி பெற்றே வர வேண்டும். எச்.டி.எஃப்.சி.யில் சீன மத்திய வங்கியின் பங்கு 1.01 சதவீதமானது பேசுபொருளாக இருந்த நேரம்.
>
> 2020 ஜூலை 23: அரசுக் கொள்முதல் விதி திருத்தம். அந்நாடுகளின் நிறுவனங்களும் அவற்றின் முகவர்களும் பதிவு செய்யாமல் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது.
>
> 2020 செப்டம்பர்: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம். ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிரத் தடை. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதம்.
>
> 2021 ஜனவரி: இணையவழி சர்வதேசக் கருத்தரங்குகளுக்கும் முன் அனுமதி. அறிவியல் கழகங்கள் எதிர்த்ததும் பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.
>
> 2023 பிப்ரவரி 23: அந்நாடுகளிலிருந்து தொழில்நுட்பம் பெற ஒப்பந்தம் வைத்துள்ள இந்திய நிறுவனமும், குறிப்பிட்ட துறைகளில், பதிவு செய்தாக வேண்டும்.

இதில் ஒன்றுகூட 'ஆய்வு நிதிக் கட்டுப்பாடு' என்ற பெயரில் வரவில்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால் அதுதான்.

வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும் வழியைச் சொல்லவே வேண்டாம். பொதுச் சுகாதார ஆய்வில் பெரிய பெயரான பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை அனுமதி 2017-ல் ரத்தானது. டெல்லியின் கொள்கை ஆய்வு மையமான சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்சின் அனுமதி 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. அரசுக்குப் பிடிக்காத ஆய்வைச் செய்தவர்கள் மட்டும் அடிபட்டார்கள் என்று சொன்னால் அது அரைக் கதை. பணத்தைப் பகிரத் தடை வந்ததும், ஒரு பெரிய அமைப்பின் கீழ் மாவட்டங்களில் கள ஆய்வு செய்துகொண்டிருந்த சிறு அமைப்புகளின் வழியும் அடைபட்டது. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சட்டப்படி விவாதம் முடிந்தது. நடைமுறையில் முடியவில்லை.

பட்டறைக்காரரும் பேராசிரியரும்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓசூர் இரண்டாம் சிப்காட்டில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவர்கள் தொழில். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மின் இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர். இருவரும் சேர்ந்து, அரிய மண் காந்தம் இல்லாமல் சாதாரண ஃபெரைட் காந்தத்தில் ஓடும் மோட்டாரைச் செய்து பார்க்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கனவு ஒன்றும் பெரிதல்ல. ஏ.என்.ஆர்.எஃப்.பின் 'மகா-இ.வி.' திட்டம் இதற்காகவே இருக்கிறது. வெப்ப நாட்டுக்கு ஏற்ற பேட்டரி, மோட்டாரும் அதை இயக்கும் மின்னணுவும், சார்ஜிங் வசதி ஆகிய மூன்றும் அதன் தலைப்புகள்.

முதல் தடங்கல் கருவி. மோட்டார் சுற்றும் தானியங்கி இயந்திரத்தைச் சீனாவில் மலிவாகச் செய்கிறார்கள். பட்டறைக்காரர் தன் காசில் வாங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. கல்லூரி அரசுப் பணத்தில் டெண்டர் விட்டு வாங்கினால் 2020 விதி வந்து நிற்கும். ஜப்பான் இயந்திரமோ ஜெர்மன் இயந்திரமோ வாங்கலாம். அந்த விலைக்குத் திட்டத்தின் பணத்தில் பாதி போய்விடும். 2025 ஜூனில் ஆய்வு நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கு நிறுவனத் தலைவரே அனுமதி தரலாம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் நில எல்லைப் பதிவு விதி வேறு, இது வேறு.

இரண்டாவது தடங்கல் ஆள். இயந்திரத்தை நிறுவிச் சொல்லிக்கொடுக்க ஒரு டெக்னீஷியன் வர வேண்டும். 2020-க்குப் பிறகு சீனர்களுக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பு ஆனது. உற்பத்தி ஊக்கத்தொகை பெறும் ஆலைகள் அலறியதும், 2024-ல் அவர்களுக்காக மட்டும் விரைவு வழி ஒன்று ஏற்பட்டது. சிறியவன் கதவைத் தட்டும்போது சட்டம் பேசும், பெரியவன் தட்டும்போது வழி பிறக்கும். இது சீன விசாவில் மட்டும் நடக்கும் விஷயமல்ல என்பது சிப்காட்டில் கடை வைத்த எவருக்கும் தெரியும்.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. நம் பேராசிரியர் பத்து ஆண்டுக்கு முன் ஒரு கருத்தரங்கில் சந்தித்த சீனப் பேராசிரியரோடு கட்டுரை எழுதியிருக்கிறார். மோட்டார் துறையில் அங்கே நடக்கும் வேலையைப் படிக்காமல் யாரும் எதையும் செய்ய முடியாது. அவரோடு முறையான கூட்டு ஒப்பந்தம் போட இரண்டு அமைச்சகங்களின் அனுமதி வேண்டும். எத்தனை நாளில் பதில் வரும் என்று கடிதத்தில் இல்லை. மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்றும் இல்லை. பேராசிரியர் என்ன செய்வார்? கேட்கவே மாட்டார். விண்ணப்பத்தைச் சிறிதாக்கி, சிக்கல் வராத தலைப்பாக மாற்றி அனுப்புவார். கோப்பில் ஒரு மறுப்பும் பதிவாகியிருக்காது. அரசிடம் புள்ளிவிவரம் கேட்டால், 'ஒரு விண்ணப்பமும் நிராகரிக்கப்படவில்லை' என்று உண்மையாகவே பதில் வரும்.

பெரிய நிறுவனத்துக்கு இதெல்லாம் உறைக்காது. டெல்லியில் கோப்பைப் பின்தொடர ஆள் வைத்திருப்பார்கள். 1 லட்சம் கோடி நிதியும் திட்டச் செலவில் பாதி வரைதான் தரும், மீதியை விண்ணப்பிப்பவர் போட வேண்டும். ஃபெரைட் மோட்டாருக்கு 2025 அக்டோபரில் ஒரகடத்தில் உள்ள அரசுச் சோதனை மையத்தில் சான்று பெற்றது ஓலா. பாராட்ட வேண்டிய விஷயம்தான். அதே மோட்டாரை இருபது பேர் பட்டறை ஒன்று செய்துகாட்டும் வழியையும் திறந்து வைத்திருந்தோமா என்பதுதான் நம் கேள்வி.

ஏத்தர் இன்று தொடங்கினால்?

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கியது ஏத்தர். மறு ஆண்டு அவர்களுக்கு விதைப் பணமாக 45 லட்சம் ரூபாய் கிடைத்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும், சென்னை ஐ.ஐ.டி.யும், ஏரோஸ்பைக் நிறுவனர் வி.ஸ்ரீனிவாசனும் சேர்ந்து தந்தது அது. அதாவது அதில் பொதுப் பணமும் உண்டு. 2015-ல் அமெரிக்காவின் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர் போட்டது. பின்னர் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமும் வந்தது. இன்று ஓசூர் ஆலையின் ஆண்டுத் திறன் 4.2 லட்சம் ஸ்கூட்டர்.

ஓலாவின் முதல் ஸ்கூட்டர், 2020-ல் அது வாங்கிய ஆம்ஸ்டர்டாமின் எடெர்கோ என்ற நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. அதே ஓலாவுக்குத்தான், பேட்டரி செல் உற்பத்திக்கான 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தில் 20 கிகாவாட் மணி அளவு ஒதுக்கப்பட்டது.

டச்சு, அமெரிக்க, சிங்கப்பூர் உறவுகள் யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தவும் வேண்டியதில்லை. தளியில் இஸ்ரேலிய ஒத்துழைப்போடு கொய்மலர் சிறப்பு மையம் நடக்கிறது. சென்னையில் சீமென்ஸ், டசால்ட், ஜி.இ. நிறுவனங்களோடு சேர்ந்து தமிழ்நாடு அரசின் டிட்கோ சிறப்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. சொல்லவருவது இதுதான்: வெளிநாட்டு உறவு என்ற பொதுக் கவலை நமக்கு இல்லை. ஒரு நாட்டைப் பற்றிய கவலை இருக்கிறது. அதைப் பெயர் சொல்லாமல் 'நில எல்லையைப் பகிரும் நாடுகள்' என்று எழுதுகிறோம். அந்த வரையறைக்குள் நேபாளமும் பூட்டானும்கூட வந்துவிடும்.

அமெரிக்கா எழுதிய சட்டம்

> பெட்டிச் செய்தி: வாஷிங்டன் வழி
>
> 2011 முதல் 'வுல்ஃப் திருத்தம்': முன் அனுமதியின்றி நாசா தன் பணத்தில் சீனாவோடு இருதரப்பு ஒத்துழைப்பு வைக்கக் கூடாது.
>
> 2022 'சிப்ஸ் அண்டு சயின்ஸ்' சட்டம்: கவலைக்குரிய நாடுகளின் திறனாளர் ஈர்ப்புத் திட்டங்களில் இருப்பவருக்கு மத்திய ஆய்வு நிதி கிடையாது. மானியம் பெறும் சிப் நிறுவனம் பத்து ஆண்டுக்குச் சீனாவில் பெரிதாக விரிவாக்கக் கூடாது.
>
> 2025 'சேஃப் ரிசர்ச்' மசோதா: சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியாவோடு தொடர்புள்ள அமைப்புகளுடன் கடந்த ஐந்தாண்டில் கூட்டு ஆய்வு செய்தவருக்கும் நிதி மறுப்பு. ஜான் மூலனார் கொண்டுவந்தது. செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை பாதுகாப்புச் செலவு மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றியது. இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை.

அந்த மசோதாவை எதிர்த்துப் பேராசிரியர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள், பல்கலைக்கழகங்கள் வாதாடின, மசோதா வெளியே விழுந்தது. எழுதப்பட்ட ஒன்றை எதிர்க்க முடியும் என்பதற்கு இது சாட்சி. எழுதியதை முரட்டுத்தனமாக அமலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் சீனத் தொடர்பை மறைத்ததாகக் கைதானார். ஓராண்டு கழித்து வழக்கு கைவிடப்பட்டது. அவர் கைதுக்குக் காரணமான 'சைனா இனிஷியேட்டிவ்' 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது.

இதை அமெரிக்கச் சங்கதி என்று விட முடியாது. அங்கே பொருள் அறிவியலிலும் பேட்டரி ஆய்விலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வுக்கூடங்களில் பக்கத்து மேசை சீன மாணவருடையது. சேர்ந்து கட்டுரை எழுதுவதே குற்றமாகுமானால், இந்திய மாணவருக்கும் ஐந்தாண்டுக் கணக்கு உண்டு. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சீனாவின் 'ஆயிரம் திறனாளர்' திட்டத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கா அலறியது. வெளிநாட்டில் இருக்கும் நம் விஞ்ஞானிகளைச் சில மாதம் இங்கே அழைக்க 2023-ல் நாம் 'வைபவ்' திட்டம் தொடங்கினோம். இன்று நாம் நட்பு நாடு. பட்டியல் எழுதுபவரின் மனநிலை மாறினால் நாளை?

மாறிய கதை நமக்குப் புதிதல்ல. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு 200-க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்கள் அமெரிக்கத் தடைப் பட்டியலில் ஏறின. அங்கே அரசு ஆய்வகங்களில் இருந்த இந்திய விஞ்ஞானிகள் சிலர் பெட்டி கட்டினார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் இந்திய அரிய மண் நிறுவனமும் அமெரிக்கப் பட்டியலிலிருந்து இறங்கியது 2025 ஜனவரியில். அடுத்த மூன்று மாதத்தில் சீனா காந்தத்துக்குப் பூட்டுப் போட்டது.

மகேந்திரகிரிக்குப் போன இருபது ஆண்டு

வெளிநாட்டுத் தொடர்பு என்ற சந்தேகம் ஓர் ஆய்வை எப்படிச் சாப்பிடும் என்று பார்க்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டாம். நாகர்கோவில் வரை போனால் போதும்.

நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1970-களில் இந்தியப் பொறியாளர்களோடு பிரான்ஸுக்குப் போய், வைக்கிங் இன்ஜினைக் கற்றுக்கொண்டு வந்தவர். அதிலிருந்து பிறந்த 'விகாஸ்' இன்ஜின் இன்றும் நம் ராக்கெட்டுகளில் எரிகிறது. வெளிநாட்டு உறவால் நமக்குக் கிடைத்த லாபத்துக்கு அதை விடச் சுத்தமான உதாரணம் இல்லை. அடுத்து கிரையோஜெனிக் இன்ஜினுக்காக 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு ஒப்பந்தம். 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை போட்டது. 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, இன்ஜின்களை மட்டும் தர ஒப்புக்கொண்டது.

வெளியிலிருந்து விழுந்த அடி அது. உள்ளிருந்து விழுந்தது இன்னும் பெரிது. 1994 நவம்பரில் நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். 1996-ல் சி.பி.ஐ. வழக்கில் ஒன்றுமில்லை என்று அறிக்கை தந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இந்தியாவில் செய்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. சோவியத் ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் 23 ஆண்டு.

தடையினால்தான் நாமே செய்யக் கற்றோம் என்று பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். கற்றோம், மறுக்கவில்லை. அந்த இருபது சொச்சம் ஆண்டில் இஸ்ரோ இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியில் வேறு என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை.

ஓசூர் கற்ற விதம்

இந்த ஊரின் தொழில் வரலாறே வெளிநாட்டு உறவுகளின் வரலாறு. டாடாவும் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கடிகார இயக்கத்தின் நுட்பத்தைப் பிரான்ஸிடம் கற்றது. இன்றும் டைட்டனில் டிட்கோவுக்கு 27.88 சதவீதம் பங்கு உண்டு. மாநில அரசு செய்த முதலீடுகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம். 1980-ல் இங்கே டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. 1982-ல் சுசூகியோடு கைகோத்தார்கள். 2001-ல் பிரிந்தார்கள். அதே ஆண்டு சொந்த வடிவமைப்பில் 'விக்டர்' இறங்கியது. 2013-ல் பி.எம்.டபிள்யூ. தேடி வந்தது, அதன் சிறிய பைக்குகள் ஓசூரில் தயாராகின்றன. 2020-ல் இங்கிலாந்தின் நார்ட்டனை 1.6 கோடி பவுண்டுக்கு டி.வி.எஸ். வாங்கியது.

கற்க 19 ஆண்டு, பிறகு தனி வழி. சீனாவும் இப்படித்தான் கற்றது, ஜெர்மானியரிடமும் ஜப்பானியரிடமும். கற்று முடித்ததும் 2023 டிசம்பரில் காந்தம் செய்யும் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதியையே தடை செய்தது. 2025 ஜூலையில் பேட்டரி கேத்தோடு தொழில்நுட்பத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. ஆக, அவர்களிடம் கற்கும் வாசலை நாம் ஒரு பக்கம் சாத்தும்போது அவர்கள் மறு பக்கம் சாத்துகிறார்கள். இப்போது நமக்கு இருக்கும் வழி, ஜப்பானோடும் கொரியாவோடும் ஐரோப்பாவோடும் சேர்ந்து ஓடுவதும், சொந்தமாகச் செலவு செய்வதும்தான். செலவு என்று வந்தால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. 2020-21 கணக்குப்படி நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா அப்போதே 2.4 சதவீதத்தைத் தொட்டிருந்தது. 2025 நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது, ஆண்டுக்கு 6,000 டன் இலக்கு. பஞ்சம் வந்து ஏழு மாதம் கழித்து.

பயம் பொய்யல்ல

இதையெல்லாம் சொன்னதால் கதவை அகலத் திறந்துவிடு என்று அர்த்தமில்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் உயிர்நீத்த 20 வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்த வீட்டாரிடம் போய்ச் சீன ஒத்துழைப்பின் அருமையை விளக்க எவருக்கும் வாய் வராது. தொழில்நுட்பத் தரப்பிலும் கவலை உண்மையானது. இன்றைய ஸ்கூட்டர் இணையத்தோடு பேசுகிறது. பேட்டரியை ஆளும் மின்னணுவில் யார் எழுதிய நிரல் ஓடுகிறது, எங்கே தகவல் போகிறது என்று கேட்பது அரசின் கடமை. தொலைத்தொடர்பு, மின்கட்டமைப்பு, விண்வெளி ஆய்வில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்று பார்க்காத நாடு எதுவும் இல்லை.

ஆனால் கம்பி சுற்றும் இயந்திரத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் ஒரே சல்லடை வைப்பது பாதுகாப்பு ஆகாது. அதிகாரியின் நேரத்தைத்தான் அது தின்னும். உண்மையிலேயே ஆபத்தான கோப்பு, ஆபத்தில்லாத ஆயிரம் கோப்புகளுக்கு அடியில் கிடக்கும்.

கனடா இதை வேறு மாதிரி செய்தது. 2024 ஜனவரியில், நுண்ணுணர்வு மிக்க ஆய்வுத் துறைகள் எவை என்று ஒரு பட்டியலும், எந்த வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்தால் அந்தத் துறைகளில் பணம் கிடையாது என்று இன்னொரு பட்டியலும் வெளியிட்டது. இரண்டாவதில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர் இருக்கிறது. அந்தப் பட்டியலோடு சண்டை போடலாம், அது வேறு விஷயம். வின்னிபெக்கில் இருக்கும் ஒரு பேராசிரியர் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே அதைப் படித்துப் பார்த்துக்கொள்ள முடியும். பர்கூரில் இருக்கும் பேராசிரியருக்கு அந்த வசதி இல்லை.

நம் தீர்ப்பு இது. பொது ஆய்வுப் பணத்துக்கு வெளிநாட்டுத் தொடர்பு நிபந்தனை வேண்டும் என்று அரசு நினைத்தால், அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்து சட்டமாக எழுதட்டும். எந்தத் துறை, எந்த நிறுவனம், எத்தனை நாளில் பதில், மறுத்தால் எங்கே முறையீடு என்பதெல்லாம் அச்சில் இருக்கட்டும். தொடர்பை மறைத்தவருக்குத் தண்டனை, சொன்னவருக்குப் பாதுகாப்பு. பல மேசைகளில் சிதறிக் கிடக்கும் சுற்றறிக்கைகளை விட, நாம் எதிர்த்து வாதாடக்கூடிய ஒரு கடுமையான சட்டம் மேல்.

அதுவரை ஒரு காரியம் செய்யலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இருவரும் எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி கேட்கட்டும்: 2019-க்குப் பிறகு சீன நிறுவனங்களோடு கூட்டு ஆய்வுக்கு அனுமதி கேட்டு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனைக்குப் பதில் தரப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது? அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும்.